பத்தாவது வளையத்துக்குப் பத்தொன்பது பங்கு பூ

ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போட தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள் தோவாளைச் சந்தையில் பூ எடுப்பார்கள். பத்து வளையம், பத்து நிறம் என்று முடிவாகும். நிறத்துக்கு ஒன்றரைக் கிலோ, ஆக மொத்தம் 15 கிலோ. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். போடத் தொடங்கினால் ஐந்தாம் வளையம் முடியும்போது அதுவரை உள்ள நிறங்களில் பாதிப் பூ மிஞ்சிக் கிடக்கும். ஆறாம் வளையத்திலிருந்து தட்டுப்பாடு. கடைசி வளையத்தில் வாடாமல்லி தரை தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும்.

வளையங்கள் எல்லாம் ஒரே அகலம் என்றால் நடு வட்டத்துக்கு ஒரு பங்கு பூ வேண்டும். அடுத்த வளையத்துக்கு 3 பங்கு, அதற்கடுத்து 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்களாகவே ஏறும். பத்தாவதுக்கு 19 பங்கு. மொத்தம் 100. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதுதான் காரணம்: பத்தாம் வளையம் என்பது 10 × 10-இலிருந்து 9 × 9-ஐக் கழித்தது. பை என்ற எண் எல்லா வளையத்துக்கும் பொது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். நடு வட்டத்தை மட்டும் வேண்டிய கனத்தில் ஒருமுறை நிரப்பி, அந்தப் பூவை நிறுத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் என்று வந்தால் மொத்தம் 15 கிலோ, வெளி வளையத்துக்கு மட்டும் 2.85 கிலோ. பூவை உதிர்த்த பிறகு நிறுங்கள். காம்போடு நிறுத்தால் கணக்கு பொய்க்கும்.

எல்லா நிறத்திலும் ஒரே எடைதான் வாங்கியாயிற்று என்றால் அகலத்தை மாற்ற வேண்டும். ஒரு மீட்டர் ஆரமுள்ள கோலத்துக்கு நடுவில் ஆணி அடித்துக் கயிற்றில் 31.6, 44.7, 54.8, 63.2, 70.7, 77.5, 83.7, 89.4, 94.9, 100 சென்டிமீட்டரில் முடிச்சுப் போட்டு வட்டம் இழுத்தால் பத்துக்கும் சமப் பரப்பு. வெளி வளையம் 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். பார்வைக்கு இது அவ்வளவு எடுப்பாக இராது. பணத்துக்குச் சரி.

ஒவ்வொரு வளையமும் சேர்ந்த பிறகும் கோலம் வட்டமாகவே நிற்கிறது. இருந்த உருவத்தை மாற்றாமல், வெளியே ஒரு துண்டைச் சேர்த்து, முழுமையும் பழைய உருவத்துக்கு வடிவொத்ததாக வந்தால் அந்தத் துண்டுக்கு வடிவியலில் நோமன் என்று பெயர். யூக்ளிட் தம் இரண்டாம் புத்தகத்தில் இணைகரத்தின் மூலையைச் சுற்றி வரும் மூலைமட்ட வடிவத் துண்டை மட்டுமே அப்படி அழைத்தார். அலெக்சாந்திரியாவின் ஹெரான் அதை எண்ணுக்கும் எந்த உருவத்துக்கும் விரித்தார்.

புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளியை ஆறுக்கு ஆறு ஆக்க ஒரு பக்கமும் மேலேயும் புள்ளி வைத்தால் 11 புள்ளி கூடும். n-க்கு n இருந்தால் 2n + 1. ஒன்றிலிருந்து தொடங்கி ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதை இதைவிடச் சுருக்கமாக நிறுவ முடியாது. கேரளத்துக் கணித மரபில் நீலகண்ட சோமயாஜி (1444 முதல் 1544 வரை வாழ்ந்தவர்) ஆரியபடீயத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் தொடர்களின் கூட்டுத்தொகையை இப்படித்தான் துண்டுகளை அடுக்கிக் காட்டினார்.

இடைப்புள்ளிக் கோலத்தில் நோமன் கொஞ்சம் சூட்சுமமானது. ‘7 புள்ளி, 4-இல் நிறுத்தவும்’ என்றால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி, ஒழுங்கான அறுகோணம். இதையே பெரிதாக்க நடு வரிசையை 9 ஆக்கிவிட்டு, பழக்கத்தில் 4-இலேயே நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்போது 69 புள்ளி வரும், அறுகோணம் மேலும் கீழும் இழுபட்டுவிடும், நடுவில் போட்ட பூ ஓரத்தில் திரும்ப வராது. நடு வரிசையில் இரண்டு கூட்டினால் நிறுத்தும் எண்ணில் ஒன்று கூட்ட வேண்டும்: 9 புள்ளி, 5-இல் நிறுத்தவும், 61 புள்ளி. கூடியவை 24. நடுப் புள்ளி ஒன்றிலிருந்து தொடங்கினால் சுற்றுக்கு 6, 12, 18, 24 என்று ஆறின் மடங்குகளாகவே ஏறும்.

சுற்றிலும் ஒரே அகலத்தில் கரை வைத்தால் எந்த உருவமும் அப்படியே வளரும் என்று நினைப்பது பரவலான தவறு. நான்கு அடிக்கு ஆறு அடிச் செவ்வகக் கோலத்துக்குச் சுற்றி ஓர் அடிக் கரை வைத்தால் 6 × 8 ஆகும். நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்காக இருந்தது 1.33 மடங்காகிவிட்டது. இன்னும் இரண்டடி வைத்தால் 10 × 12, 1.2 மடங்கு. கரை கூடக்கூடச் சதுரத்தை நோக்கிப் போகும். ஒன்றரை மடங்கு மாறாமல் இருக்க வேண்டுமானால் நீளமான பக்கங்களில் ஓர் அடியும் குட்டையான பக்கங்களில் ஒன்றரை அடியும் வைத்து 6 × 9 ஆக்க வேண்டும். கணக்குப் போட நேரமில்லாவிட்டால் மூலைவிட்டத்தின் மேல் நூலைப் பிடித்து இருபுறமும் நீட்டுங்கள். புதிய மூலைகள் அந்த நூலின் மேல் விழுந்தால் விகிதம் கெடவில்லை.

சம அகலக் கரை எதற்குப் பொருந்தும் என்பதற்குத் துல்லியமான ஒரு சோதனை இருக்கிறது. எல்லாப் பக்கங்களையும் தொடும் ஒரே வட்டத்தை உருவத்துக்குள் வரைய முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் கரை வைத்தாலும் வடிவம் மாறாது, ஏனென்றால் எல்லாப் பக்கமும் அந்த வட்ட மையத்திலிருந்து ஒரே தூரம் விலகுகின்றன. எந்த முக்கோணமும், சாய்சதுரமும், ஒழுங்கான பலகோணங்களும் தேறும். சதுரமல்லாத செவ்வகம் தேறாது. நீள்வட்டமும் தேறாது, அதற்குச் சம அகலக் கரை வைத்தால் வருவது நீள்வட்டமே அல்ல.

ஐந்து முனை நட்சத்திரத்தில் பக்கங்களை உள்ளே நீட்டினால் அவை ஐந்தும் ஒரு வட்டத்தைத் தொடுகின்றன. ஆகவே நட்சத்திரமும் தேறும், ஒரு தொல்லையோடு. முனைக்கோணம் 36 பாகை என்பதால் பக்கங்களில் ஓர் அங்குலக் கரை வைத்தால் முனை 3.24 அங்குலம் வெளியே போகும். கூடத்தில் இடம் போதாமல் முனையை மழுக்கிவிடுவார்கள். அடுத்த சுற்றிலிருந்து அது பூசணிப் பூ மாதிரி ஆகிவிடும். முனையின் நீட்சியை முதலில் கணக்கிட்டு, உள்ளிருந்து வெளியே போகாமல் வெளிக் கோட்டை வரைந்துவிட்டு உள்ளே வருவது நல்லது.

வடிவம் மாறாமல் குறிப்பிட்ட பரப்பைக் கூட்டுவது இதைவிடக் கடினமான வேலை. வேள்விக்கான பருந்து வடிவ மேடையை, மேடை அளவுகளைச் சொல்லும் பழைய சமஸ்கிருத நூல்களான சுல்ப சூத்திரங்கள் முதலில் ஏழரைச் சதுர புருஷம் (புருஷம் என்பது கை உயர்த்தி நிற்கும் ஆளின் உயரம்) பரப்பில் கட்டச் சொல்கின்றன. அடுத்தடுத்து ஒவ்வொரு சதுர புருஷம் கூட்டி 101½ வரை போக வேண்டும். பருந்தின் உருவம் மட்டும் மாறக்கூடாது. (செங்கல்லால் கட்டிய பறவை மேடையோடு அதிராத்திரம் என்ற வேள்வி திருச்சூர் மாவட்டத்துப் பாஞ்ஞாளில் 1975-இல் நடந்தது.) ஏழரையை எட்டரை ஆக்கும் வழி: கூடுதலான ஒரு சதுரத்தை 15 பங்காக்கி, ஒவ்வொரு சதுர புருஷத்துக்கும் இரண்டு பங்கு சேர்ப்பது.

ஒரு புருஷம் 120 அங்குலம் (இங்கே அங்குலம் என்பது விரல் அகலம், இன்றைய அங்குலம் அல்ல). சேர்க்க வேண்டியது 14,400-இல் பதினைந்தில் இரண்டு, அதாவது 1,920 சதுர அங்குலம். இதைச் சதுரத்தின் இரு பக்கங்களில் மூலைமட்ட வடிவில் பரப்ப வேண்டும். இரண்டு பட்டைகளின் மொத்த நீளம் 240. 1,920-ஐ 240-ஆல் வகுத்தால் அகலம் 8. ஆனால் பட்டைகள் சந்திக்கும் மூலையில் 8 × 8 = 64 அதிகமாக வந்துவிட்டது. அந்த 64-ஐ இப்போதைய 128 அங்குலப் பக்கங்கள் இரண்டிலுமிருந்து சீவினால், 64-ஐ 256-ஆல் வகுக்க, கால் அங்குலம் குறையும். புதிய பக்கம் 127.75. சரிபார்த்தால் பிழை இந்தச் சதுரத்தின் மொத்தப் பரப்பில் ஒரு சதுர அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குதான். பள்ளியில் நீள்வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காணும்போது ஒவ்வொரு படியிலும் விடையை இரட்டித்து எழுதச் சொல்வார்களே, அந்த இரட்டிப்பு இந்த இரண்டு பட்டைகள்தான். காரணம் சொல்லாமலே அதை மனப்பாடம் செய்ய வைப்பது பெரிய அநியாயம்.

சில உருவங்களுக்குத் தானே தன் நோமன். ஏ4 தாளோடு இன்னொரு ஏ4 தாளை நீளப் பக்கத்தில் ஒட்டினால் 297 × 420 மில்லிமீட்டர், ஏ3. பக்க விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருப்பதால் இது நடக்கிறது. தங்க விகிதச் செவ்வகத்துக்கு (1.618) நோமன் ஒரு சதுரம். அந்தச் சதுரங்களுக்குள் கால்வட்டம் வரைந்துகொண்டே போனால் வரும் சுருளைத்தான் சங்கின் வடிவம் என்று பலர் பகிர்கிறார்கள்.

சங்கு நோமனால் வளர்வது உண்மை. உள்ளே இருக்கும் உயிரி தன் ஓட்டின் வாய் விளிம்பில், மேன்டில் என்ற சதைப்போர்வையால் கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கிறது. கட்டி முடித்த பழைய சுற்றுகளின் வடிவம் அப்படியே இருக்கும், புதிய பகுதி மட்டும் அதே விகிதத்தில் பெரிதாக இருக்கும். மாட்டுக் கொம்பில் புதிய பொருள் அடியில் சேர்கிறது, வளரும் இடம் மட்டும் வேறு. இப்படி வளர்ந்தால் கிடைப்பது, சுற்றுக்குச் சுற்று ஒரே மடங்கில் விரியும் மடக்கைச் சுருள். கொசுவர்த்திச் சுருள் வேறு வகை: அதில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி சமம், பெருக்கம் இல்லை. மடக்கைச் சுருளை நேசித்த சுவிட்சர்லாந்துக் கணிதர் யாக்கோப் பெர்னூலி அதைத் தம் கல்லறையில் செதுக்கச் சொன்னார். பாசல் நகரில் உள்ள அந்தக் கல்லில் இருப்பதோ கொசுவர்த்தி வகைச் சுருள்.

கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் கூர்ந்து நீண்ட சிறு சங்கு ஒன்றும் வெர்னியர் அளவியும் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் ஒரே கோட்டில், சுற்றுகள் சந்திக்கும் வரிகளுக்கு இடையிலான தூரத்தை அடுத்தடுத்து அளந்து, ஒவ்வொன்றையும் முந்தையதால் வகுக்க வேண்டும். 8, 10, 12.5 மில்லிமீட்டர் என்று வந்தால் விகிதம் 1.25. வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள், வகுத்து வருவதுதான் மாறாமல் இருக்க வேண்டும். நுனிச் சுற்றுகள் தேய்ந்திருக்கும், கடைசிச் சுற்று முதிர்ச்சியில் தடித்து விலகும், உடைந்து ஆறிய இடங்களில் வரி வளையும். இவற்றை விட்டுவிட்டு நடுவில் உள்ள நான்கைந்தை எடுங்கள்.

விகிதம் எதுவாகவும் இருக்கலாம், இனத்துக்கு இனம் மாறும். குறுக்கே அறுத்த நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓடு ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய மூன்று மடங்கு விரிகிறது. தங்கச் செவ்வகச் சுருள் கால் சுற்றுக்கு 1.618 மடங்கு, முழுச் சுற்றுக்கு 6.85 மடங்கு. படத்தின் மேல் படம் வைத்துப் பொருந்துகிறது என்று காட்டுகிறவர்கள் முதல் கால் சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.