அக்கவுண்டை வாடகைக்கு விடாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா, பாலிடெக்னிக் படிக்கும் மகனின் பாஸ்புக்கில் எண்ட்ரி போட வந்தார். மில் வேலைக்குப் போகிறவர், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்காலர்ஷிப் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பாஸ்புக்கைப் பிரிண்டரில் வைத்தோம். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம், அதுவும் முடிந்து அடுத்தது என்று ஓடிக்கொண்டே இருந்தது. "மெஷின் ரிப்பேரா சார்?" என்று கேட்டார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. மூவாயிரத்தைத் தாண்டியே இராத அந்த அக்கவுண்டில் இரண்டே நாளில் நான்கு லட்சத்துக்கு மேல் வந்து போயிருந்தது. கடைசி வரியில் மீதி 212 ரூபாய். அதையும் எடுக்க முடியாது. வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் அக்கவுண்டை முடக்கியிருந்தார்கள்.

மாலையில் மகனைக் கையோடு அழைத்து வந்தார். கல்லூரி சீனியர் ஒருவர் கேட்டாராம். ஏடிஎம் கார்டு, சிம், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறான். கிடைத்தது 5,000 ரூபாய். "கேமிங் கம்பெனி சார், டாக்ஸ் பிரச்சினைக்காக வேறு ஆள் அக்கவுண்ட் வேணும்னு சொன்னாங்க" என்றான். இப்படி எங்கள் கிளைக்கு வந்த முதல் பையன் இவன் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் ஒரே மாதிரி இரண்டு வாக்கியம் சொல்கிறார்கள். "நான் பணத்தைத் தொடவே இல்லை, அக்கவுண்டை மட்டும்தான் கொடுத்தேன்." "அதில் காசே இல்லையே, போனால் என்ன போய்விடும்?"

தம்பி, காசு இல்லாத அக்கவுண்டைத்தான் மோசடிக்காரர்கள் தேடி வருகிறார்கள். அந்த 5,000 ரூபாய்க்கு அவர்கள் வாங்கியது உன் பெயரை, உன் ஆதாரை, உன் பான் எண்ணை. எங்கோ ஒரு பென்ஷன்தாரரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம் அந்த அக்கவுண்டுக்கு வந்தது என்றால், வங்கிப் பதிவுப்படி அதை வாங்கியவன் நீதான். அடுத்த அக்கவுண்டுக்கு அனுப்பியவனும் நீதான். பாஸ்வேர்டை அழுத்தியது யார் விரல் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்த சீனியரின் பெயர் எந்த எண்ட்ரியிலும் இருக்காது. அவருக்கு மேலே இருப்பவரை அந்த சீனியரே பார்த்திருக்க மாட்டார், டெலிகிராமில் ஒரு பெயர், அவ்வளவுதான். போலீஸ் கையில் கிடைக்கும் ஒரே முகவரி உன் வீட்டு முகவரி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் (கம்ப்யூட்டர், போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது) வழக்கில் சேர்ந்துவிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். "தெரியாமல் கொடுத்தேன்" என்பதை நீதிமன்றம் கேட்கலாம். ஆனால் அதுவரை பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியது நீதான். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் சரிபார்ப்பிலும் இது வந்து நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், தெரிந்தவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட்டால்தான் அக்கவுண்ட் திறக்க முடியும். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வீடியோ கேஒய்சியை, அதாவது வீடியோ அழைப்பிலேயே அடையாளத்தைச் சரிபார்ப்பதை, அனுமதித்தது. இன்று வீட்டில் இருந்தபடியே போனில் திறந்துவிடலாம். கிளைக்கு வர வழியில்லாதவர்களுக்கு இது நல்ல வசதி, அதில் சந்தேகமில்லை. 2016-இல் வந்த யுபிஐ, பணம் போகும் வேகத்தையும் மாற்றிவிட்டது. திருடிய பணம் சில நிமிடங்களில் பத்து அக்கவுண்ட் தாண்டிவிடுகிறது. தாண்ட வேண்டுமானால் பத்து பெயர்கள் வேண்டும். அங்கேதான் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். "பார்ட் டைம் வேலை, வீட்டிலிருந்தே மாதம் முப்பதாயிரம்" என்ற விளம்பரங்களில் பல கடைசியில் அக்கவுண்டில்தான் வந்து நிற்கும்.

வங்கியில் இதற்கு மியூல் அக்கவுண்ட் என்று பெயர். அடுத்தவன் சுமையைத் தூக்கும் கோவேறு கழுதை. இவற்றைக் கண்டுபிடிக்கவே ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் ஒன்று மியூல்ஹன்டர் என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. சிக்காமல் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

முடக்கிய அக்கவுண்டைத் திறந்துவிடச் சொல்லி எங்களிடம் அழுது பயனில்லை. முடக்கச் சொன்னது போலீஸ், மேனேஜர் தன் விருப்பப்படி திறந்துவிட முடியாது.

கார்டு, சிம், ஓடிபி எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், நண்பனாக இருந்தாலும் சரி. கடை பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறந்து கொடு, கமிஷன் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தெரியாத பணம் உங்கள் அக்கவுண்டில் விழுந்து, "தவறி வந்துவிட்டது, இந்த நம்பருக்கு அனுப்புங்கள்" என்று போன் வந்தால் நீங்களாக அனுப்பாதீர்கள். கிளையில் எழுதிக் கொடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள், தயவுசெய்து. இன்றே கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லி, நடந்ததைக் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சாட் எதையும் அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. சைபர் கிரைம் போலீஸிடம் நீங்களாகவே போங்கள். பணத்தை இழந்தவர்கள் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவு பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும்.

பெற்றோர்களே, இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் ஏடிஎம் கார்டைக் காட்டச் சொல்லுங்கள். "ஃப்ரெண்ட்கிட்ட இருக்கு" என்று பதில் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். கார்டை பிளாக் செய்யும் வங்கி எண் இரவிலும் வேலை செய்யும். அது உங்கள் பாஸ்புக்கிலேயே அச்சிடப்பட்டிருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.