இட்லிப்பூச் செடி ஏன் வெளுக்கிறது?

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி நட்ட மூன்று இட்லிப்பூச் செடிகளும் இரண்டாம் ஆண்டிலேயே வெளுத்துவிட்டன. தொழு உரம் வைத்தோம், யூரியா போட்டோம்; பயனில்லை. சுவரிலிருந்து தள்ளி, வாசலருகே நின்ற நான்காவது செடி மட்டும் கரும்பச்சை இலைகளோடு கொத்துக் கொத்தாகப் பூத்தது.

வெளுத்த இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் பச்சையாகவே இருக்கும். இடைப்பட்ட பகுதி எலுமிச்சை மஞ்சளாகியிருக்கும், பச்சை நூலில் பின்னிய வலை போல. அது கிளையின் எந்த இடத்து இலை என்பதுதான் முக்கியம். தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் முதிர்ந்த இலை தன்னிடம் உள்ளதைக் கொழுந்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் நகராது; சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். ஆகவே அடி இலைகள் பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பச்சையத்தின் நடுவே இருப்பது மெக்னீசியம்தான். ஆனால் அந்தப் பச்சையத்தை உருவாக்க இரும்பு தேவை.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். அது கரைந்தால்தான் வேருக்குக் கிடைக்கும். மண் அமிலமா காரமா என்று காட்டும் எண் பி.எச்.; அது கூடக் கூட மண் காரமாகும். அந்த அளவு ஒன்று கூடினால், கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு (துருவில் உள்ள வடிவம்) ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்! சங்கப் பாடல்களில் ஆநிரை கவரச் சென்ற வீரர்கள் சூடிய வெட்சிதான் நம் இட்லிப்பூ. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். பெருமழை சுண்ணாம்பைக் கழுவிச் சென்ற அமில மண்ணில் அது செழிக்கும். நாமோ அதைச் சிமெண்டுச் சுவரடியில், கட்டட வேலையில் மிஞ்சிய கலவை புதைந்த மண்ணில் நடுகிறோம். வேர் அமிலத்தைச் சுரந்து இரும்பைக் கரைக்க முயல்கிறது. சுண்ணாம்பும், உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட்டும் அந்த அமிலத்தை முறித்துவிடுகின்றன.

அத்தகைய மண்ணில் அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டைக், கொட்டினால் அது சில நாள்களில் துருவாகிவிடும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலையில் கொழுந்தின் மேல் தெளிப்பது பலன் தரும். ஆனால் தெளிப்பு அப்போதைய இலைகளுக்கு மட்டுமே. அடுத்த கொழுந்து மறுபடி வெளுக்கும். மண்ணில் இடுவதென்றால் கீலேட் இரும்பை, அதாவது கரிமச் சேர்மம் ஒன்று கவ்விப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் இரும்பை, வாங்குங்கள். அதிலும் கார மண்ணிலும் பிடி விடாத இ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேட்டு வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் இரும்பை நழுவவிட்டுவிடும்.

இட்லிப்பூ புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். தளிர் நலிந்தால் பூவும் இல்லை. எங்கள் மூன்று செடிகளையும் மழைக்காலத் தொடக்கத்தில் வேர்மண்ணோடு பெயர்த்து, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இலைமக்கு நிறைந்த குழியில் நட்டோம். மொட்டைமாடியில் பிடித்த மழைநீரையே ஊற்றினோம். பழைய மஞ்சள் இலைகள் கடைசிவரை தேறவில்லை. அவற்றுக்கு மேலே வந்த தளிர் பச்சையாக விரிந்தது. அதன் நுனியில் சிவந்த ஊசிகளாக மொட்டுகள் திரண்டன.