கில்ட்: மடித்துக் கட்டிய ஆடைக்குத் தமிழில் என்ன பெயர்?

ஸ்காட்லாந்து நாட்டு ஆண்கள் இடுப்பைச் சுற்றி முழங்கால் வரை உடுத்தும், பின்புறம் நெருக்கமான மடிப்புகள் கொண்ட கம்பளி ஆடைக்குக் கில்ட் என்று பெயர். தமிழில் இதைப் பெரும்பாலும் ‘பாவாடை’ என்றோ ‘ஆண்கள் அணியும் குட்டைப் பாவாடை’ என்றோ எழுதிவிடுகிறோம். அப்படி எழுதுவது பொருளளவில் பிழை. உடுத்தியிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும்படி வாசகரை அந்தச் சொல்லே தூண்டிவிடுவதால், அது அவருக்குச் செய்யும் அநீதியும் ஆகும்.

கில்ட் என்பது முதலில் வினைச்சொல்லாகவே இருந்தது. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியில் அதற்கு ‘உடுத்திய துணியை மேலே தூக்கிச் செருகிக்கொள்’ என்று பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து அங்கு வந்து சேர்ந்த சொல் அது. டேனிய மொழியில் இதே செயலைக் குறிக்க இதன் உறவுச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது. பழைய நோர்ஸ் மொழியில் இதற்கு இனமான ‘கியால்தா’ என்ற சொல், துணியைத் தூக்கிப் பிடிக்கும்போது உண்டாகும் மடிப்பையும் மடியையும் குறித்தது. தமிழிலும் ‘மடி’ என்ற ஒரே சொல், துணியை மடிப்பதையும், குழந்தையை அமர்த்தும் மடியையும், காசு முடிந்துவைக்கும் வேட்டி மடிப்பையும் குறிப்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வேர் நமக்குச் சற்றும் அந்நியமாகத் தோன்றாது. தேநீர்க் கடை வாசலில் நிற்பவர் குனிந்து, வேட்டியின் கீழ் விளிம்பை இரு கைகளாலும் பற்றி, முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்; பெரியவர் ஒருவர் தெருமுனையில் தென்பட்டதும் சட்டென்று அவிழ்த்துக் கீழே விடுகிறார். அவர் முதலில் செய்தாரே, அந்தச் செயலைத்தான் ஸ்காட்ஸ் மொழி கில்ட் என்கிறது. ‘மடித்துக் கட்டு’ என்பதைவிட நெருக்கமான மொழிபெயர்ப்பு அந்த வினைக்குக் கிடையாது.

அது ஆடையின் பெயராக வழங்கத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில்தான். ஆடைக்கு உரியவர்களான மேட்டுநில மக்கள் தங்கள் தாய்மொழியான கேலிக்கில் (Gaelic) அதை ‘ஃபேலே’ என்று அழைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் உடுத்தத் தொடங்கிய ‘ஃபேலே மோர்’, அதாவது பெரிய கில்ட், ஆடையாக வெட்டித் தைக்கப்படாத நீளக் கம்பளித் துணி. அகலம் ஏறக்குறைய 5 அடி. நீளம் பல கஜம். அதை உடுத்தும் முறைகளில் ஒன்று இது: தரையில் இடைவாரைக் கிடத்தி, அதன்மேல் துணியை விரித்து, நடுப்பகுதியைக் கையால் ஒவ்வொரு மடிப்பாகக் கொய்து அடுக்கி, அதன்மேல் மல்லாந்து படுத்து, இருபுறமும் மிஞ்சிய துணியை முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வாரை இறுக்கிக்கொண்டு எழ வேண்டும். எழுந்ததும் வாருக்குக் கீழ்ப்பகுதி இடையாடையாகிவிடும். மேற்பகுதியைத் தோளில் குத்திக்கொள்ளலாம், மழை வந்தால் தலைமேல் இழுத்துக்கொள்ளலாம், இரவில் போர்வையாக்கிக்கொள்ளலாம். தமிழ் இடுப்பில் கட்டுவதற்கு ‘உடு’ என்றும், மேலே சுற்றிக்கொள்வதற்குப் ‘போர்’ என்றும் தனித்தனி வினைகள் வைத்திருக்கிறது. ஒரே துணியில் உடுத்தலும் போர்த்தலும் நிகழ்ந்த ஆடை அது.

பின்னர் மேற்பாதியை நீக்கிவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் வைத்துக்கொண்ட ‘ஃபேலே பெக்’, அதாவது சிறிய கில்ட், வழக்குக்கு வந்தது. 1720-களில் மேட்டுநிலத்தில் இரும்பு ஆலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயரே இதை உருவாக்கினார் என்ற கதை உண்டு. அதை மறுப்பவர்களும் உண்டு. இன்று முறையாகத் தைக்கப்படும் கில்ட்டுக்கு ஏறத்தாழ 8 கஜம் துணி பிடிக்கும். முன்புறம் மடிப்பில்லாமல் தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் தோல் வார்களால் பூட்டப்படும்.

இந்த ஆடைக்காகச் சிறைத் தண்டனை விதித்த காலமும் இருந்தது. 1746 ஏப்ரலில் கலோடன் போரில் ஸ்டூவர்ட் அரச வமிசத்தின் ஆதரவாளர்கள் தோற்றதும், மேட்டுநில ஆடையை ஆண்களும் சிறுவர்களும் உடுத்தக்கூடாது என்று பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் 7 ஆண்டு நாடு கடத்தல். படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் 40 ஆண்டுகள் கழித்து, 1822-இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரே கில்ட் உடுத்திக்கொண்டு விருந்தினரை வரவேற்றார். ஆடையின் மானமும் அவமானமும் துணியில் இல்லை, பார்ப்பவரிடத்தில்தான் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அந்தப் பார்வை இன்றும் கில்ட் உடுத்தியவரை விடுவதில்லை. ‘உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியை முன்பின் தெரியாதவர்கள்கூடத் தயங்காமல் கேட்கிறார்கள். பலர் அதை ஒரு வேடிக்கைப் பதிலால் கடந்துவிடுகிறார்கள்; அது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் கை நீட்டித் துணியைத் தூக்கிப் பார்ப்பதை விளையாட்டு என்று கொள்ள முடியாது. ஆடைக்குக் கீழே படமெடுப்பதைக் குற்றமாக்கிய இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்படுபவரை ஆண், பெண் என்று பிரிக்காததால் கில்ட் உடுத்தியவருக்கும் காவலாக நிற்கிறது.

இதே இடத்தில் இன்னொரு வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். 2017 ஜூன் மாதத்துக் கடும் வெயிலில், பிரான்ஸின் நான்ட் நகரப் பேருந்து ஓட்டுநர்கள், தங்களுக்கு அரைக்கால்சட்டை மறுக்கப்பட்டதால், பெண் ஊழியர்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஆடையை உடுத்தி வேலைக்கு வந்தார்கள். அவர்கள் உடுத்தியது பெண்களின் ஆடை என்பதுதான் அந்தப் போராட்டத்தின் பொருளே. அங்கே ‘பாவாடை’ என்று எழுதினால்தான் செய்தி சரியாகச் சேரும். கில்ட் அப்படியன்று, பிறந்த நாள் முதல் அது ஆணின் ஆடை.

‘பாவாடை’ என்ற சொல்லும் தன்னளவில் தாழ்ந்ததன்று. பாவுதல் என்றால் பரப்புதல். பெரியோர் நடந்து வரும் வழியில் விரிக்கும் துணிக்கும் பாவாடை என்றே பெயர். நடைபாவாடை விரித்து வரவேற்பது பெருமரியாதை. அங்காளம்மனின் காவல் தெய்வம் பாவாடைராயன்; பாவாடை என்று பெயர் கொண்ட ஆண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆயினும் இன்றைய வழக்கில் ஆணோடு சேர்த்துச் சொல்லும்போது அது வசையாகிவிடுகிறது. பாதிரியாரின் நீண்ட அங்கியைச் சுட்டி ஒரு சமயத்தாரையே இழிவுபடுத்த அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கோழை என்று சொல்ல ‘சேலை கட்டிக்கொள்’ என்கிறார்கள். பெண்ணின் ஆடையை இழிவாக எண்ணுபவருக்கே இவை வசையாகத் தோன்றும். அந்த எண்ணத்தை ஸ்காட்லாந்துக்காரர் மேலும் ஏற்ற வேண்டாம்.

ஒலிபெயர்ப்பாக ‘கில்ட்’ என்று விட்டுவிடலாமே என்றால், முலாம் பூசிய நகையையும் தொழிற்குழுவையும் குறிக்கும் வேறு ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தில் ‘கில்ட்’ என்றே நிற்கின்றன. ‘அரையாடை’ என்பது நல்ல பழஞ்சொல். அரை என்றால் இடுப்பு, அரைஞாண் என்பதில் உள்ளது போல. ஆனால் 1921-இல் மதுரையில் காந்தியடிகள் பூண்ட கோலத்தை நினைத்து, பலர் அதைப் பாதி ஆடை என்றே புரிந்துகொள்வார்கள். எனவே அந்த ஆடையின் அடையாளமான மடிப்பைச் சொல்லில் கொண்டுவருவதே தெளிவு. சேலையின் மடிப்புக்கு இலக்கிய வழக்கு கொய்சகம். பேச்சு வழக்கு கொசுவம். ‘கொசுவ இடையாடை’ என்பதே என் பரிந்துரை. முதல் முறை ‘கில்ட் எனும் கொசுவ இடையாடை’ என்று எழுதிவிட்டால், பிறகு கில்ட் என்று மட்டும் எழுதினாலும் குழப்பம் வராது.

வேட்டி கட்டியவரையும் வாசலில் நிறுத்திய நாடு நம்முடையது. 2014-இல் சென்னையில் ஒரு மன்றம் (கிளப்), உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை வேட்டியின் பெயரால் உள்ளே விட மறுத்தது. அதே ஆண்டு, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுப்பதற்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அந்தச் செய்தியை எழுதிய எவரும் ‘வெள்ளைப் பாவாடை கட்டிய நீதிபதி’ என்று எழுதவில்லை.

வினையைப் பற்றி இறுதியாக ஒன்று. கால்சட்டையைப் ‘போடுகிறோம்’, வேட்டியையும் சேலையையும் ‘கட்டுகிறோம்’. கில்ட் சுற்றி இறுக்கும் ஆடை என்பதால் அதற்கும் பின்னதே பொருந்தும். ‘அவர் திருமணத்துக்குக் கில்ட் கட்டிக்கொண்டு வந்திருந்தார்’ என்று எழுதுங்கள்.