"சீட்டுல இருக்கறதைக் குடுங்க தம்பி!"

"டாக்டருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுது? சீட்டுல இருக்கறதைக் குடுங்க தம்பி!"

சென்னையில் ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள், நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். போன மாதம் வில்லிவாக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர். வாரத்தில் ஒரே நாள், ஞாயிறு மட்டும், 15 மில்லிகிராம். மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட். அவருக்கு வாங்கியதில் இரண்டுமே மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை. மகன் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தெருமுனைக் கடைப் பையன் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டான். எதை என்றைக்குப் போடுவது என்று அவன் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஞாயிறு மாத்திரை தினசரி மாத்திரையாகிவிட்டது. ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், மோர்கூட இறங்கவில்லை. அந்தப் புண்ணுக்கு அதே கடையில் பி காம்ப்ளெக்ஸ் வேறு! எங்களிடம் வரும்போது வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில் இருந்தன. இரண்டு வாரம் வார்டில் கிடந்து பிழைத்துக்கொண்டார்.

மருத்துவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. சீட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பார்மசிஸ்ட் என்றால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் என்றே இன்னமும் நினைக்கிறார்கள். மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கும் வேலையை 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம் பதிவுபெற்ற மருந்தாளுநரிடம்தான், அதாவது பார்மசிஸ்டிடம்தான், ஒப்படைத்திருக்கிறது. எங்கள் படிப்பில் பி.பார்ம் 4 வருடம், ஃபார்ம்.டி 6 வருடம். அத்தனை வருடமும் மாத்திரைப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவா கற்றுக்கொண்டோம்? அளவு சரியா, வாங்குபவரின் சிறுநீரகம் தாங்குமா, வேறு மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு மோதுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. எலும்பு டாக்டர் எழுதிய வலி மாத்திரைக்குள் பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கு இன்னொருவர் எழுதியதும் பாராசிட்டமாலாகவே இருக்கும். பெயர் வேறு, சரக்கு ஒன்று. இரண்டு சீட்டும் சேர்ந்து ஒரே மேஜைக்கு வருவது எங்களிடம்தான்.

சந்தேகம் வந்தால் மருத்துவருக்கு போன் போடுவோம். அது அவரைக் குறை சொல்வதில்லை. (சில மருத்துவர்களுக்கே அது பிடிக்காது, அந்தக் கதை இங்கே வேண்டாம்.) அந்த ஐந்து நிமிடம் பொறுக்க முடியாமல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களை என்ன செய்வது?

வார்டிலும் இதே குழப்பம்தான். பெண் டாக்டர் வந்தால் "சிஸ்டர்", ஆண் நர்ஸ் வந்தால் "டாக்டர்". அறுவைசிகிச்சை எப்போது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்பார்கள். தெரியாவிட்டால் "நீங்க யாருங்க?" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. "நெஞ்சு அடைக்குது, கேஸ்தான், ஏதாவது குடுங்க" என்று வியர்க்க வியர்க்க வந்து நிற்பார்கள். நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. அது கேஸா, இதயமா என்று கவுன்ட்டரில் நின்றபடி யாராலும் சொல்ல முடியாது. 108-ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுக்கட்டும்.

சரி, செய்ய வேண்டியது. கடையில் பார்மசிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்டு, அவர் கையால் வாங்குங்கள். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும், சித்த மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை மாத்திரையென்றால் அட்டையிலேயே கிழமையை எழுதச் சொல்லுங்கள், அதைத் தனி டப்பாவில் வையுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களே, உங்களை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.