இழைமணி

செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான 'மைட்டோகாண்ட்ரியா'வுக்குத் தமிழ் இது. கிரேக்கத்தில் 'மிட்டோஸ்' என்றால் நூல், 'காண்ட்ரியோன்' என்றால் சிறுமணி. 1898இல் கார்ல் பெண்டா நுண்ணோக்கியில் கண்ட நூலையும் மணியையும் சேர்த்து இப்பெயரை வைத்தார். நெல்மணி, குன்றிமணி என்று சொல்லிப் பழகிய நமக்கு இழைமணி இயல்பாகவே பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் இச்சொல் எப்போதோ வேரூன்றிவிட்டது. 'மைட்டோகாண்ட்ரியாக்கள்' என்று எழுதுவது பிழை. மைட்டோகாண்ட்ரியாவே பன்மை; ஒருமை மைட்டோகாண்ட்ரியான். தமிழில் இழைமணி, இழைமணிகள் என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

கறிக்கோழி வளர்ப்பவருக்கு இது எதற்கு? தின்ற தீவனம் ஆற்றலாவது பெரும்பாலும் இழைமணியில்தான். அதன் உட்சவ்வில் எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேரும். வழியில் சில கசிந்து ஆக்சிஜனோடு சேர்ந்தால் அது வீரியம் மிக்க மூலக்கூறாகி, பக்கத்துப் புரதத்தையும் கொழுப்பையும் அரிக்கும். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் வால்டர் போட்ஜே குழுவினர் ஒரே இனச் சேவல்களை ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வில், தீவனத்தைச் சரியாக எடையாக்காத கோழிகளின் தசை இழைமணிகளில் இந்தக் கசிவு அதிகமாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, கசிவை அடைத்தால் எடை கூடும் என்று நிறுவவில்லை.

கசிவின் கேட்டைத் தணிப்பவை 'ஆன்டிஆக்சிடன்ட்'. இதை 'ஆக்சிஜன் எதிர்ப்பி' என்பது தவறு. ஆக்சிஜன் இல்லாமல் இழைமணியே இயங்காது. தடுக்கப்படுவது ஆக்சிஜனேற்றம். ஆகவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்பதே சரி. தீவனத்தில் இவை இருவகை. பிஎச்டி (BHT) என்ற செயற்கை வேதிப்பொருள் போன்றவை மூட்டையில் கொழுப்பு கெடாமல் காப்பவை. வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் கோழியின் செல்லுக்குள் வேலை செய்பவை. ஒன்றின் வேலையை மற்றதிடம் எதிர்பார்க்கக் கூடாது.

'தீவன மாற்று விகிதம்', 'தீவனத் திறன்' இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். 3.2 கிலோ தீவனம் தின்று 2 கிலோ எடை ஏறினால் விகிதம் 1.6, திறன் அதன் தலைகீழ், 0.625. விகிதம் குறைந்தால் லாபம், திறன் குறைந்தால் நட்டம்.

விகிதம் ஏறும்போது வைட்டமின் ஈ வாங்க ஓடும் முன், தவிட்டை ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். அரைத்ததும் தவிட்டிலுள்ள நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கும். நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அப்படிக் கெட்ட கொழுப்பு தீவனத்திலேயே வைட்டமின் ஈயை அழித்துவிடும். சேர்த்தது முழுதாகக் கோழிக்குப் போய்ச் சேராது. குஞ்சு தலை திருகி நிலைதடுமாறி விழுந்தால் வைட்டமின் ஈ குறைபாட்டையும் சந்தேகியுங்கள். செலினியத்தைத் தனியாக அள்ளிக் கலக்காதீர்கள். ஒரு கிலோ தீவனத்துக்குத் தேவை 0.15 மில்லிகிராம்தான், அமெரிக்காவில் சேர்க்க அனுமதிக்கும் உச்சமே 0.3 மில்லிகிராம். அதற்கு மேல் போகப்போக மருந்தே நஞ்சாகும்.