பழைய மெயிலை வலையில் ஏற்றும் முன்

சேலத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள் என்று யாரிடம் போனாலும் கேட்பது ஒன்றுதான்: “வருஷக்கணக்கா மெயில் சேர்ந்து கிடக்குது. எங்க ஆளுங்க பிரவுசர்லயே தேடிப் பார்க்கிற மாதிரி ஏத்திக் குடுத்துடுங்க தம்பி.” கடித வாசகத்தை ஏற்றுவது பெரிய வேலையில்லை. சிக்கல் அட்டாச்மென்ட்டில்தான்.

மெயில், வெறும் ஆங்கில எழுத்தைச் சுமக்கப் பிறந்த ஏற்பாடு. படமும் பிடிஎஃப்பும் தமிழும் அதில் ஏறியது 1992-இல் வந்த ‘மைம்’ நெறிமுறையால். அது ஒரு மெயிலைப் பல துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ‘கன்டென்ட்-டைப்’ என்று ஒரு வரி வைக்கிறது. இது படம், இது ஹெச்டிஎம்எல் (வலைப்பக்கம்) என்று சொல்வது அந்த வரிதான். அதை எழுதுவது யார்? அனுப்பியவரின் மென்பொருள், அதுவும் பெரும்பாலும் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து. ‘முதல் ரகம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் யாராவது ஜவ்வரிசி வாங்குவார்களா?

மெயிலில் இருக்கும் வரையில் பொய்ச் சீட்டு ஓரளவு அடங்கிக் கிடக்கும். நம் தளத்தில் ஏற்றியதும் கதை மாறுகிறது. யாரோ அனுப்பிய ஹெச்டிஎம்எல் கோப்பை அப்படியே திறக்க விட்டால், அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட், அதாவது பிரவுசரில் தானாக ஓடும் சிறு நிரல், நம் தளத்தின் ஸ்கிரிப்டாகவே ஓடும். லாகின் செய்திருப்பவர் பார்க்கக்கூடியது எல்லாம் அதன் கைக்கு எட்டும். எஸ்விஜி வகைப் படமும் இப்படித்தான், அதற்குள்ளும் ஸ்கிரிப்ட் இருக்கலாம். படம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அதனால் நான் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் படித்து வகையை முடிவு செய்கிறேன். பிடிஎஃப் என்று பெயர் வைத்துக்கொண்டு ‘எம்இசட்’ என்று தொடங்கினால் அது விண்டோஸ் புரோகிராம், ஏற்றுவதில்லை. ஜேபெக், பிஎன்ஜி மட்டும் பக்கத்திலேயே தெரியும். மற்றவை ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்: அட்டாச்மென்ட்’ என்ற ஹெடருடன் (சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு) டவுன்லோடாக மட்டுமே போகும். கூடவே ‘நோஸ்னிஃப்’ ஹெடர், பிரவுசர் தானாக வகையை ஊகிக்காமல் இருக்க. முடிந்தால் அட்டாச்மென்ட்டுகளுக்குத் தனி டொமைன், அதாவது வேறு தள முகவரி: தவறி ஸ்கிரிப்ட் ஓடினாலும் நம் தளத்தின் ஸ்கிரிப்டாக ஓடாது. வருடச் செலவு கொஞ்சம்தான், தயங்க வேண்டாம். கோப்புப் பெயரையும் நம்புவதில்லை: சேமிப்பது நாம் கொடுத்த பெயரில், பழைய பெயர் பார்வைக்கு மட்டும்.

‘வின்மெயில்.டேட்’ என்று திறக்காத கோப்பு வந்தால் அது அவுட்லுக்கின் பொட்டலம். அதற்கென்று இருக்கும் கருவியால் பிரித்தால் உள்ளே உண்மையான கோப்பு கிடைக்கும்.

தமிழ் மெயில்களுக்குத் தனித் தலைவலி உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். ‘கன்டென்ட்-டைப்’ வரி சரியாகவே இருந்தாலும் திரையில் குப்பை தெரியும், தேடினாலும் ஒன்றும் அகப்படாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம், இந்த ஊர் மெயில்களில் ஆதார் நகல், பாஸ்புக் பக்கம், பட்டா எல்லாம் தாராளமாக இருக்கும். ஏற்றும் முன் அவற்றைப் பிரித்து எடுத்துவிடுங்கள். தோட்டத்தில் போனில் எடுத்த படத்தில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கலாம். அந்தத் தகவலை நீக்கிவிட்டுப் போடுங்கள். “எல்லாத்தையும் அப்படியே போடுங்க” என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்வதில்லை.

இத்தனை மாற்றமும் வலையில் வைக்கும் நகலில் மட்டும். மூல மெயிலைத் தொடாமல் தனியாக வைத்திருந்தால், பிழை தெரிந்ததும் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். திறப்புக்கு முன், ஒரு சின்ன எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும் ஸ்கிரிப்ட் வைத்த ஹெச்டிஎம்எல் கோப்பை உங்களுக்கே மெயிலில் அனுப்பி, ஏற்றி, கிளிக் செய்து பாருங்கள். டவுன்லோட் ஆனால் சரி. பெட்டி எழும்பினால் தளத்தை இன்னும் யாருக்கும் காட்டாதீர்கள்.