முக்திநாத்துக்கு எந்த மாதம் டிக்கெட் போடலாம்?

பிப்ரவரி பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், மே மாசம் பசங்களுக்கு லீவு. நேபாளம் போயிட்டு வந்துடலாமா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது. அங்க குளுகுளுன்னு இருக்கும்ல?"

இருக்காது. நம் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். காத்மாண்டு அதைவிடக் கொஞ்சம் கம்மி, 1,400. பொக்காராவோ 800 சொச்சம்தான். மே மாத மத்தியானத்தில் பொக்காரா ஏரிக்கரையில் 30 டிகிரி சர்வசாதாரணம். வியர்வை வேறு. இமயமலை நாடு என்றதும் விமானம் இறங்கும் இடத்திலேயே பனி கொட்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பதினாறு வருடமாகத் திருச்சியிலிருந்து நேபாளத்துக்கு ஆட்களை அழைத்துப் போய் வருகிறேன். வருபவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள், முக்திநாத் பெருமாளைச் சேவிக்க வருபவர்கள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்று வைணவர்கள் கொண்டாடும் தலம். கூட வரும் மகனுக்கும் மருமகளுக்கும் பொக்காரா, ஏரி, பனிமலை. ஒரே டூரில் இரண்டு ஆசை. அதனால்தான் "எந்த மாதம் நல்ல மாதம்?" என்று கேட்டால் சட்டென்று என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. நல்ல மாதம் எதற்கு? மலை தெரியவா, ரோடு திறந்திருக்கவா, அப்பாவின் மூச்சு வாங்காமல் இருக்கவா?

மே மாதம் போய்விட்டு வந்தவர்களின் பெரிய மனக்குறை வெயில் இல்லை, மலையே தெரியவில்லை என்பதுதான். மார்ச்சிலிருந்து மே வரை அங்கே வறண்ட காலம். காய்ந்த காடுகளில் தீப்பிடிக்கும். சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் தாளைக் கொளுத்துவார்கள். அந்தப் புகையும் தூசியும் சேர்ந்து மலைக்கு முன்னால் ஒரு அழுக்குத் திரையைத் தொங்கவிட்ட மாதிரி நிற்கும். 2021 மார்ச் கடைசியில் புகைமூட்டம் தாங்காமல் நேபாளத்தில் பள்ளிக்கூடங்களையே நான்கு நாள் மூடினார்கள்.

கரூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஏழு பேர். மூன்று நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, டாக்ஸி பிடித்து, சாரங்கோட் மேட்டில் போய் நின்றார்கள். மூன்று நாளும் எதிரே வெள்ளைச் சுவர். மூன்றாம் நாள் சாயங்காலம் இடி இடித்து ஆலங்கட்டி மழை கொட்டியது. மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அதற்குள் அவர்கள் காத்மாண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அன்னபூர்ணாவையும் மச்சபுச்ரேயையும் பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி மட்டும், "பார்த்தாச்சு, போதும்" என்றார். மற்றவர்கள் என்னிடம் அன்று பேசவே இல்லை.

"அப்படின்னா மே மாசம்தானே எவரெஸ்ட் ஏறுறாங்க?" என்று இன்ஜினியர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. ஹிலாரியும் டென்சிங்கும் உச்சி தொட்டது 1953 மே 29. எட்டாயிரம் மீட்டருக்கு மேல் வருடத்தில் பெரும்பாலான நாள் பேய்க்காற்று அடிக்கும். மே மாதம் அந்தக் காற்று வடக்கே விலகிச் சில நாட்கள் ஓயும். ஏறுபவர்களுக்கு அந்தச் சில நாட்கள்தான் கணக்கு. ஏரிக்கரையில் காபி குடித்துக்கொண்டு மலை பார்க்க நினைக்கிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

அடுத்து மழை. நம் ஊரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. நேபாளத்தில் நேர்மாறு. அங்கே பெய்வது தென்மேற்குப் பருவமழை. வழக்கமாக ஜூன் 13 வாக்கில் கிழக்கே நுழைந்து அக்டோபர் 2 வாக்கில் விலகும் என்பது அவர்கள் வானிலைத் துறையின் கணக்கு. வருடம் முழுக்கப் பெய்வதில் ஐந்தில் நான்கு பங்கு இந்த நான்கு மாதத்தில் கொட்டிவிடும். சென்னையில் குடை விரிக்கும்போது இமயமலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஆடி மாதம் இங்கே எல்லாவற்றுக்கும் தள்ளுபடி. நேபாள பேக்கேஜும் ஜூலை, ஆகஸ்டில் மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்று யாரும் கேட்பதில்லை. சென்னைக்கு வருடம் முழுக்கச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால் பொக்காராவுக்கு ஏறக்குறைய 4,000. பக்கத்து லும்லேயில் 5,000-ஐத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், லும்லேயிலிருந்து நேர்கோட்டில் அறுபது கி.மீ.க்குள், முக்திநாத் போகும் வழியில் இருக்கும் ஜோம்சோமில் 300 மி.மீ.கூடத் தேறாது. அன்னபூர்ணாவும் தௌலாகிரியும் மேகத்தை இந்தப் பக்கமே தடுத்துப் பிழிந்துவிடுகின்றன. மலைக்குப் பின்னால் முஸ்தாங் பகுதி பாலைவனம் மாதிரி வறண்டு கிடக்கும். முக்திநாத் இருப்பது அந்தப் பக்கம்தான்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ மழைக்காலத்தில் முக்திநாத் போகலாமே" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. கோயிலில் மழை இருக்காதுதான். ஆனால் கோயிலுக்குப் போகும் வழி முழுக்க மழைக்குள் இருக்கிறது. 2024 ஜூலை 12 விடியற்காலை, நாராயண்காட்–முக்லிங் சாலையில் மண் சரிந்து இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவற்றில் இருந்தார்கள். நாங்கள் காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போவதும் அந்த முக்லிங் வழியாகத்தான். அந்த வருடத்தோடு ஜூன் 15-க்குப் பிறகு செப்டம்பர் கடைசி வரை தரைவழி குரூப் எடுப்பதை நிறுத்திவிட்டேன். வருமானம் போகிறது. போகட்டும்.

புரட்டாசி விஷயம்தான் தர்மசங்கடம். பெருமாள் மாதம், புரட்டாசி சனிக்கிழமை முக்திநாத்தில் சேவிக்க வேண்டும் என்பார்கள். காலாண்டு விடுமுறையும் அதே சமயம் வரும். புரட்டாசியின் முதல் பாதி அங்கே மழையின் வால். 2024 செப்டம்பர் 26 முதல் 28 வரை பெய்த மழையில் காத்மாண்டு பள்ளத்தாக்கே மூழ்கியது. நாடு முழுக்க 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைநகருக்குள் நுழையும் சாலையில் நின்ற வண்டிகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த வாரம் எங்கள் குரூப் ஒன்று புறப்பட வேண்டியது. முதல் நாளே நிறுத்தினோம். அட்வான்ஸ் பற்றி நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதவில்லை. புரட்டாசிதான் வேண்டும் என்பவர்களுக்கு இப்போதெல்லாம் கடைசிச் சனிக்கிழமையை மட்டுமே சொல்கிறேன்.

அதற்காக அக்டோபர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றும் இல்லை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயல் நம் ஆட்களுக்கு நினைவிருக்கும். அதன் மிச்சம் வடக்கே போய், 14-ஆம் தேதி அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகக் கொட்டியது. முக்திநாத்துக்கு மேலே 5,416 மீட்டரில் இருக்கும் தோரோங் லா கணவாயிலும் சுற்றிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீசனின் உச்சத்தில் நடந்தது அது. வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் நான் சென்னையை மட்டும் பார்ப்பதில்லை, முக்திநாத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

அக்டோபரில் இன்னொன்று தசைன் பண்டிகை. நம் நவராத்திரி சமயம்தான், அங்கே பதினைந்து நாள். காத்மாண்டுவே காலியாகி எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். பஸ் கிடைக்காது, டிரைவர் கிடைக்க மாட்டார். பொங்கலுக்கு முதல் நாள் கோயம்பேட்டில் நின்றிருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாதத்தைப் பற்றி இவ்வளவு கேட்பவர்கள் மணியைப் பற்றிக் கேட்பதே இல்லை. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், இருபது நிமிடப் பயணம். காலையில் மட்டும்தான் பறக்கும். ஜோம்சோம் இருக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏறக் காற்று கிளம்பும். பதினோரு மணிக்கு வேட்டி நுனி படபடக்கும், ஒரு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியாது, வாயெல்லாம் மணல். எந்த மாதமானாலும் இதுதான் கதை. பொக்காராவில் காலை மூடுபனி கலையப் பத்து மணி ஆனால் அன்றைக்கு ஜோம்சோம் விமானம் அவ்வளவுதான். நல்ல சீசனில்கூட இப்படி நடக்கும்.

இப்படி ஒரு நாள் போனால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இது என் தவறு. சில வருடங்களுக்கு முன், விமானம் கேன்சலாகி ஒரு நாள் வீணானது. மறுநாள் விமானம் கிடைத்ததும், போன நாளை ஈடுகட்ட ஜோம்சோமில் தங்காமல் நேராக ஜீப்பில் முக்திநாத் ஏற்றிவிட்டேன். 800 மீட்டரில் கண் விழித்தவர்கள் மத்தியானம் 3,700 மீட்டரில் நிற்கிறார்கள். குரூப்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், 68 வயது. கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் நனைந்து, இரண்டு குளத்திலும் முங்கி, ஈர வேட்டியோடு அந்தக் காற்றில் வரிசையில் நின்றார். சாயங்காலம் தலைவலி. அப்புறம் வாந்தி. "ராத்திரி சாப்பிட்ட பூரி ஒத்துக்கல, வாயு" என்று அவர் மனைவி ஓமத் தண்ணீர் கொடுத்தார். அவர் தூங்க வேண்டும் என்கிறார். நானும் தூங்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஜீப் டிரைவர்தான் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். கால் பின்னியது. "கீழே இறக்குங்கள், இப்பவே" என்றார். இருட்டில் ஜோம்சோம், அங்கேயும் நிறுத்தாமல் இன்னும் கீழே 1,200 மீட்டரில் இருக்கும் தாதோபானி. விடியும்போது தெளிந்துவிட்டார். காபி கேட்டார். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை.

2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வந்தால் அதை வயிற்றுக் கோளாறு என்று நினைக்காதீர்கள். உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்கவும் கூடாது, உடனே இறங்க வேண்டும். மாத்திரை விஷயத்தை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். இப்போது என் அட்டவணையில் ஜோம்சோமிலோ அதற்குக் கீழேயோ ஒரு இரவு கட்டாயம். மறுநாள் காலை முக்திநாத், மத்தியானமே இறக்கம். குளிக்க விரும்புகிறவர்கள் தலையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டால் போதும் என்று பட்டாச்சாரியாரைப் போல நானே சொல்லிவிடுகிறேன். சிலர் கேட்பதில்லை. அவர்களுக்கு மாற்றுத்துணியும் துண்டும் கையில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர், ஜனவரி பற்றிச் சுருக்கமாக. பொக்காராவும் காத்மாண்டுவும் பகலில் சுகம், மலை பளிச்சென்று தெரியும். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்குப் பொருத்தம். ஆனால் முக்திநாத்தில் இரவு பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும், குழாயில் தண்ணீர் உறைந்துவிடும், விடுதிகள் பலவும் மூடியிருக்கும். வயதானவர்களுக்கு வேண்டாம் என்பேன். காசி, கோரக்பூர், லும்பினி என்று ரயிலிலும் பஸ்ஸிலும் சேர்த்துப் போட்டவர்கள் மூடுபனியில் மாட்டுவார்கள். சமவெளியில் சில நாள் சூரியனே தெரியாது, ரயில் பத்து மணி நேரம் தாமதம் என்பது சாதாரணம்.

சரி, எனக்குப் பிடித்தது எது? தீபாவளி முடிந்த மறுவாரத்திலிருந்து நவம்பர் கடைசி வரை. தசைன், திஹார் (அவர்கள் ஊர் தீபாவளி) கூட்டம் வடிந்திருக்கும். தூசி இல்லை, மேகம் இல்லை. முக்திநாத்தில் குளிர் இருக்கும், ஆனால் மங்கி குல்லாவும் தெர்மலும் தாங்கும் குளிர். இதில் ஒரே தொல்லை நம் பக்கத்தில். 2015 டிசம்பர் முதல் வாரம் காத்மாண்டுவில் வெயில் காய்ந்தது, நாங்கள் திரும்ப முடியவில்லை. வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

எந்த மாதமானாலும், முக்திநாத் என்றால் இரண்டு நாள் சும்மா இருக்கட்டும் என்று விட்டு வையுங்கள். ஆறு நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், விமானம் போகாத நாளுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அங்கே தடுமாறினால் அந்த பேக்கேஜ் வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் உயர வரம்பு பொடி எழுத்தில் இருக்கும்.

சீசனோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் வருடத்துக்கு ஒருவராவது இதில் மாட்டுகிறார். இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி வராதீர்கள். அட்டை வீட்டு பீரோவில் இருக்கிறது என்று செக்-இன் கவுண்டரில் நின்றுகொண்டு சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.